மூடச் சொன்ன கால்வாய்

சென்னீர்குப்பத்தில் லோகநாயகிக்கு வாய் நீளம் என்று ஒரு பேர் உண்டு. அந்த வாயை அடக்கிக்கொண்டு அவள் ஆறு முறை பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு நடந்தாள் என்றால், அதற்குக் காரணம் புருஷன் கோவிந்தனின் வலது கால்.

போன மழையில் தெருவில் தேங்கிய சாக்கடைத் தண்ணீருக்குள் ஏதோ தகரம் அவன் பாதத்தைக் கிழித்துவிட்டது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னொரு தரம் அந்தக் கால் அழுக்குத் தண்ணீரில் பட்டால் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஐப்பசி பிறந்தால் வீட்டுக்குள்ளேயே முழங்கால் தண்ணீர் நிற்கிற தெரு அது. அங்கே காலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தொண்ணூற்றேழில் சர்க்கார் திட்டம் ஒன்று வந்தது. தெரு ஜனங்கள் ஒரு பங்கு போட்டால் மீதியைச் சர்க்கார் போடும், பங்கை உழைப்பாகவும் கொடுக்கலாம் என்றார்கள். லோகநாயகி மாதர் சங்கச் செயலாளர். தெருவுக்கு ஒரு சிமென்ட் கால்வாய், அந்தத் தண்ணீர் ஓடைக்குப் போக முனையில் குறுக்கே கிடக்கிற தார் ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய், இவ்வளவுதான் அவள் மனு. ஓவர்சியர் பக்தவத்சலம் ஒரு தரம் முத்திரை இல்லை என்றார், ஒரு தரம் வரைபடம் இல்லை என்றார், ஒரு தரம் அவரே இல்லை. ஆறாவது தரம்தான், புரட்டாசி முடிவதற்குள் வந்து இடத்தைப் பார்ப்பதாகச் சொன்னார்.

இங்கேதான் தெருக்காரர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். அவர்களுடைய அப்பன், பாட்டன் எல்லாரும் ஏரிப் பாசன நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நிலம் மனையாகி, பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போன பிறகும், மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கால்வாய் வெட்டுகிற பழக்கம் மட்டும் விடவில்லை. அதிகாரி வருகிற நேரத்தில் நம் பங்கு வேலை முடிந்திருக்க வேண்டாமா என்று, யாரும் கூப்பிடாமலே இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாற்பது வீட்டு ஆட்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கோவிந்தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, "இன்னும் ரெண்டு வெரக்கடை தோண்டுப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நூல் பிடித்த மாதிரி ஒரு கால்வாய் தார் ரோட்டு ஓரம்வரை வந்து நின்றது.

பக்தவத்சலம் வந்தார், பார்த்தார், நோட்டை மூடினார்.

"கால்வாய்தான் இருக்கேம்மா. ஆரம்பிச்ச வேலைக்கு ரூல்ல இடம் இல்லை."

"இது எங்க பங்கு சார். ஒழைப்பா குடுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்கோ?"

"அனுமதி வந்தப்புறம் குடுக்கணும். முன்னாடி குடுத்தா செல்லாது."

"ரோட்டுக்கு அடியில கொழாய் இல்லாம இந்தத் தண்ணி எங்க சார் போவும்? ஆகாசத்துக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மூடிடுங்க. மூடிட்டுச் சொல்லியனுப்புங்க, இல்லைன்னு எழுதிடறேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

லோகநாயகிக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. கடப்பாரை எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. எடுத்திருந்தால் அன்றைக்கே ஒரு கணக்குத் தீர்ந்திருக்கும், புருஷனின் கால் பிழைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அப்படி இருந்ததற்காக அவள் தன்னையே இன்றுவரை மன்னிக்கவில்லை.

"இன்னா லோகு, நாம இன்னா பைத்தியமா?" என்று எதிர்வீட்டு வேம்புலி கத்தினான். "கை காச்சுப் போவ வெட்டிட்டு, நாமளே மூடணுமா?"

"மூடுங்கப்பா," என்றான் கோவிந்தன். "கொழாய் வந்தா போதும்." சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

மூடினார்கள். லோகநாயகி மண் கொட்டிய ஒவ்வொரு கூடைக்கும் ஒரு வசவு கொடுத்தாள். நாலாம் நாள் பக்தவத்சலம் வந்து, 'கால்வாய் இல்லை' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனார்.

பத்தாம் நாள் மழை பிடித்தது. புதிதாகக் கொட்டிய மண் கரைந்து சேறாகித் தெரு முழுக்கப் பரவ, தண்ணீர் போன வருஷத்தைவிட ஒரு சாண் அதிகமாக வீட்டுக்குள் ஏறியது. கோவிந்தன் கட்டிலை விட்டு இறங்காமல் இரண்டு நாள் கிடந்தான். கொல்லைப்புறம் போவதென்றால் லோகநாயகி முதுகில் சுமந்தாள். ஆம்பிளைக்கு அது வெட்கம். மூன்றாம் நாள் அவள் அரிசி வாங்கப் போயிருந்தபோது, மனுஷன் தானே இறங்கி நடந்துவிட்டான். கட்டு நனைந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் துணி எடுக்க வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் பக்தவத்சலமும் வந்தார். தெருவில் தண்ணீர் இன்னும் முழங்கால் உயரம். அவர் தார் ரோட்டு மேட்டிலேயே நின்றுகொண்டார், முகமெல்லாம் சிரிப்பு.

"அனுமதி வந்துடுச்சும்மா! உங்க பங்கு வேலையைப் பதினஞ்சு நாள்ல ஆரம்பிக்கணும். இப்ப நீளம் அளந்துடலாம். டேப் பிடிக்க ரெண்டு ஆளை விடுங்க."

லோகநாயகி டேப்பின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"அந்த முனைய நீங்க புடிங்க சார்."

"நானா? இந்தத் தண்ணியிலயா?"

"எங்க ஊட்டுக்காரர் எறங்குன தண்ணிதான்."

வேம்புலி உதவிக்கு ஓர் அடி எடுத்து வைத்தான். அவள் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டான். வாசலுக்கு வாசல் ஜனம் நின்றது. ஒருவரும் நகரவில்லை.

"பேன்ட் நனைஞ்சிடும்மா," என்றார் பக்தவத்சலம். சிரிப்பு போயிருந்தது.

"நனைஞ்சா காயும். அறுத்த காலு மொளைக்காது சார்."

அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, மெதுவாக ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். உடனே நின்றார்.

"இன்னும் உள்ள வாங்க சார்," என்றாள் லோகநாயகி. "எங்க ஊடு கடைசியில கீது."