எவர்சில்வர் இடுக்கி

வெறும் சில்லிலும் காந்தம் இருந்தது. ஆறாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி திரையை மூன்றாம் முறையாகப் பார்த்தாள். பசி மயக்கமில்லை, காந்தத்தைக் காட்டும் வளைகோடு அங்கேயேதான் இருந்தது.

காந்தமில்லாத குறைகடத்திச் சில்லுக்குள் காந்தமில்லாத நானோ துகள்களைப் புதைத்தால் காந்தம் பிறக்கும் என்பது அவளுடைய பேராசிரியரின் கண்டுபிடிப்பு. இரண்டு சாதுக்களுக்குக் கல்யாணம் செய்துவைத்து ரவுடி பிறந்த கதை. அதற்கு யாராவது தன் பெயரை வைப்பார்கள் என்று காத்திருந்து சலித்து, அவரே வைத்துக்கொண்டார். துகள் புதைக்காத சில்லையும் அளக்கலாமா என்று இரண்டாம் ஆண்டே கேட்டாள். "இல்லாததை எதுக்கும்மா அளக்கணும்?" என்றார். இன்று கருவி சும்மா கிடந்தது, அளந்தாள்.

கருவிக்கூடத்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "எதால எடுத்து வச்ச?"

"இடுக்கியாலதான்ணே. எவர்சில்வர்."

"எவர்சில்வரும் இரும்புதானேம்மா."

பிளாஸ்டிக் இடுக்கியால் வெறும் சில்லு ஒன்றையும் துகள் புதைத்தது ஒன்றையும் புதிதாக எடுத்து வைத்தாள். இரண்டிலும் கோடு படுத்துவிட்டது. வெறும் சில்லின் ஓரத்தை எவர்சில்வரால் ஒரு கிள்ளு கிள்ளி மறுபடி அளந்தாள். கோடு எழுந்து உட்கார்ந்தது. விழுந்து உடைந்துவிடுமோ என்று ஆறு வருடமாக இறுக்கிப் பிடித்த கை. எவ்வளவு கவனமோ அவ்வளவு இரும்பு.

நான்கு மணிக்கு விருது உரை. பேராசிரியர் டை கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், வெறும் சில்லுலயும் காந்தம் வருது."

"அப்படின்னா இன்னும் பெரிய விஷயம்மா!"

"இடுக்கி சார். அதோட இரும்பு ஒட்டியிருக்கு."

முடிச்சு பாதியில் நின்றது. "வேற யாருக்குத் தெரியும்?"

"அண்ணனுக்கு."

"சரி. அடுத்த மாசம் உன் ஆய்வேடு போகணும். நான்தான் கையெழுத்து போடணும், இல்லையா?" முடிச்சை இறுக்கிக்கொண்டார். "போய்ச் சாப்பிடு, முகமே வாடியிருக்கு."

அவள் சாப்பிடவில்லை. அரங்கின் நடுவில், புரொஜெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த நாற்காலியில் அண்ணன். மேடையில் சாதுக்களின் கல்யாணம் ஒரு மணி நேரம் நடந்தது. கைதட்டல் ஓய்ந்ததும், "ஏதாவது கேள்வி?" என்றார் பேராசிரியர். முன்வரிசையில் ஒருவரைக் காட்டினார், பிறகு இன்னொருவரை. இருவரும் கேள்வி கேட்கவில்லை, புகழ்ந்தார்கள்.

"எவ்ளோ நேரமா தூக்கி வச்சிருக்க? கை வலிக்கலையாம்மா?" என்றார் அண்ணன் மெதுவாக.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். புரொஜெக்டரின் ஒளியில் குறுக்கிட்ட அவள் விரல்களின் நிழல் திரையில் பெரிதாய் விழுந்து, வளைகோட்டுக்கு மேலே பேராசிரியரின் பெயர் இருந்த இடத்தை மறைத்திருந்தது. அரங்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.