நான்காம் ஜன்னலில் சொன்ன பதில்

1.
இந்தக் கதையின் முதல் பிரதியில் நாயகனை மூன்றாம் பக்கத்திலேயே கொன்றுவிட்டேன். நாயகன் எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தன் கதையை எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தவரே அவர்தான். படித்துவிட்டுக் காகிதங்களை நீட்டினார்.

"குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்கிறேன். என்னை எதுக்கு சார் சாகடிச்சீங்க?"

கதையில் எச்.ஐ.வி. என்ற சொல் வந்ததும் கை தானாகச் சாவை எழுதியிருந்தது. [வெட்கம்தான்.]

2.
மறுபடி: "மழை பெய்த ஒரு மாலையில், தனிமையில் வாடிய அவர்..."

வேண்டாம். அவருக்கு ஏது தனிமை? தையற்காரர் ஒருவரோடு ஏழு வருடமாகக் குடும்பம் நடத்துகிறார். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லியிருப்பது 'சித்தப்பா பையன்' என்று.

அந்த ஏழு வருடமும் இருவரும் பரிசோதனைக்குப் போகவில்லை. 'அறியாமை' என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை அவரே அடித்தார். எல்லாம் தெரியும். ஆனால் சுகாதார நிலையத்தின் நான்காம் ஜன்னலில் சீட்டு எழுதுபவர் அவருடைய அக்காவின் நாத்தனார். வேறொரு மருத்துவமனையில் தங்கள் உறவை மறைக்காமல் சொன்னபோது, டாக்டர் கையுறைக்கு மேல் கையுறை மாட்டிக்கொண்டார். தெரிந்த முகத்தைப் பார்த்து, ஆணுறை வாங்காமலே மருந்துக்கடையிலிருந்து திரும்பிய நாட்களும் உண்டு.

3.
ஒரு நாள் தையற்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "இப்படிப் பயந்து சாகறதுக்கு, போய்ப் பாத்துட்டே வந்துடலாம்."

விஷயம் எப்படியும் அக்கா காதுக்குப் போகும். அதற்குமுன் தானே போய்விட வேண்டுமென்று லிஃப்ட்காரர் கிளம்பினார்.

"அக்கா, அவரு வெறும் ஃப்ரெண்டு இல்ல..."

"சும்மா கிடடா. ஏழு வருஷமா ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே துணி எடுக்கறேன்? எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

4.
மூவருமாகப் போனார்கள். நாத்தனார் தலை நிமிராமல் கேட்டார்: "கல்யாணம் ஆச்சா?"

[இங்கே லிஃப்ட்காரரைத் தடுமாற வைத்திருந்தேன். அவர் தடுமாறவில்லை.]

"ஆச்சுன்னே எழுதிக்கோங்க. இவருதான் என் வீட்டுக்காரரு. ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட்டு."

வரிசை மொத்தமும் திரும்பியது. பேனா நின்றது.

"எழுதும்மா," என்றார் அக்கா. "என் தம்பி தெளிவாத்தானே சொன்னான்?"

பேனா நகர்ந்தது. இதைச் சொல்லும்போது லிஃப்ட்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும், எழுதும்போது எனக்கும்.

5.
முடிவு? இரண்டு எழுதினேன். ஒன்றில் இருவருக்கும் தொற்று இல்லை. இன்னொன்றில் ஒருவருக்கு இருக்கிறது; தினமும் மாத்திரை, வழக்கம்போல வேலை, வழக்கம்போலச் சண்டை. இரண்டையும் லிஃப்ட்காரர் மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ரிசல்ட்டு எங்க ரெண்டு பேருக்குள்ள. ஊருக்குச் சொல்ல வேண்டியத ஜன்னல்லயே சொல்லிட்டேன்."

மறுமாதம் நண்பர்கள் ஐந்து பேரை அங்கே கூட்டிப்போனார். நான்கு பேர் உள்ளே போய்விட்டார்கள். ஐந்தாமவர் வாசலில் நின்று வரிசையில் இருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். உள்ளே வந்தாரா என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வரிசையில் நீங்களும் நிற்கிறீர்கள். இப்போது அவர் பார்ப்பது உங்கள் முகத்தை.