அரண்மனைக்குள் வந்த ஆறு

அடுத்த முகாம் வாணியம்பாடி என்று நாடகக் கம்பெனி முதலாளி ரத்தினசாமி சொன்னதும் மஹபூப் பாஷாவுக்கு வாயிலிருந்த வெற்றிலை கசந்தது.

"வேற ஊரே கிடைக்கலையாய்யா?"

"மழை இல்லாத வருஷம் பாய் இது. ஆம்பூர்ல உன் மழையைக் கேக்கவே எவ்ளோ கூட்டம் வந்துச்சு, பார்த்தல்ல? அங்க இன்னும் ஜாஸ்தி வரும்."

உண்மைதான். நாடகத்தில் மஹபூப் பாஷாவுக்கு வேஷமும் இல்லை, பாட்டும் இல்லை. படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தண்ணீரை வரவழைப்பதுதான் அவன் வேலை. மயிர் கழித்த வெள்ளாட்டுத் தோலைப் பெரிய மூங்கில் வளையத்தில் இழுத்துக் கட்டியிருப்பான். அதன்மேல் கேழ்வரகைக் கொட்டி மெல்லச் சாய்த்தால் தூறல். வேகமாக உருட்டினால் அடைமழை. ஏரிகளெல்லாம் வெடித்துக் கிடந்த அந்த வருஷத்தில், மழைக்கட்டம் வந்தால் ஜனங்கள் ராஜாவையும் ராணியையும் மறந்துவிட்டு "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள்.

ஆற்றுச் சத்தம் மட்டும் இத்தனை வருஷத்தில் அவனுக்குத் திருப்தியாக வந்ததில்லை. அதற்குக் காரணம், ஒரு காலத்தில் அவன் மனைவியாயிருந்த அக்தர் பானு.

பாலாறு பெருகி ஊருக்குள் வந்த வருஷம், அவன் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலையாக இருந்தான். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். தெருவில் தண்ணீர் ஏறிய சாயங்காலம் இருவரும் பக்கத்து வீட்டு மாடியில் ஏறி உட்கார்ந்தார்கள். சுற்றிலும் ஒரே கூச்சல். அவள் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேல சலசலன்னு கேக்குதே, அதை விடுங்க. அடியில ஒண்ணு கேக்குது பாருங்க. தூக்கத்துல யாரோ முனகுற மாதிரி."

அவனுக்கு முதலில் கேட்கவில்லை. அவள் அவன் கையைப் பிடித்து ஈரச் சுவரில் வைத்தாள். அப்போது உள்ளங்கை வழியாகக் கேட்டது.

வெள்ளத்தில் தோல் ஊறப்போடும் தொட்டிகள் போயின, வேலையும் போயிற்று. ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று நாடகக் கம்பெனியோடு கிளம்பியவன், இரண்டு வருஷம் ஊர் ஊராய்ச் சுற்றினான். கடைசியில் அவள் வாப்பா ஆள் அனுப்பித் தலாக் கேட்டார். எந்த முகத்தோடு மறுப்பது? கொடுத்துவிட்டான். அதே ஊரில் தோல் மண்டிக் கணக்கர் ஒருவருக்கு அவள் வாழ்க்கைப்பட்டாள் என்பது மட்டும் அவன் காதுக்கு வந்தது.

வாணியம்பாடியில் முதல் ஆட்டம். முகம் காட்டாத கோஷா பெண்களுக்கென்று இடப்பக்கம் மூங்கில் தட்டி கட்டியிருந்தார்கள். அங்கே அவள் இருக்கிறாளோ இல்லையோ என்று நினைத்தபடியே ஆற்றுக்கட்டத்தில் தோலை உருட்டினான். வழக்கம்போல ஈரக் கட்டைவிரலைத் தோலின் அடியில் அழுத்தி இழுத்தான். வறண்ட காற்றில் தோல் அன்றைக்கு விறைத்திருந்தது. அடிவயிற்றிலிருந்து வருவதுபோல அந்த முனகல் எழுந்தது. இத்தனை வருஷமாய் அவனுக்கு வராத சத்தம்.

மறுநாள் மதியம் கொட்டகைக்குப் பின்னால் திரை போட்ட ஜட்கா ஒன்று வந்து நின்றது. உள்ளிருந்து ஒரு குரல் உருதுவில் கூப்பிட்டது.

"தூலாபாய்!"

அக்கா புருஷனைக் கூப்பிடும் முறை. அப்படி அவனைக் கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு, அக்தர் பானுவை ஆபா என்று அழைக்கும் அவள் தங்கை.

"சைராவா?"

"ஆமா. நேத்து ஆபாவும் வந்திருந்தாங்க. ஆத்துச் சத்தம் வந்ததும் என் கையை இறுக்கிப் புடிச்சிக்கிட்டாங்க. 'இது அவருதான்'னாங்க."

"வேற இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தினமும் வந்து கேட்டுட்டுப் போறேன்னு மட்டும் உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

"ஒரு தடவை பாக்க முடியாதா?"

"வேணாம் தூலாபாய். நல்லா இருக்காங்க. மூணு புள்ளைங்க."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஆற்றை அவளுக்காகவே ஓடவிட்டான். தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் தலையைச் சாய்த்திருப்பாள் என்ற நினைப்பே போதுமாயிருந்தது. போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான் என்பதுதான் சரி.

கடைசி நாள் வைத்திருந்த நாடகத்தில் மழையும் இல்லை, ஆறும் இல்லை. முழுக்க அரண்மனைக் கதை.

"ஒரு ஆறு வைக்கலாமே" என்று ரத்தினசாமியிடம் மெதுவாகக் கேட்டான்.

"தர்பாருக்குள்ள ஆறு எங்க பாய் வரும்? பேஜார் பண்ணாத."

அவன் கேட்கவில்லை. ராஜா வேஷம் போட்ட அந்தோணி, சிம்மாசனத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்போது படுதாவுக்குப் பின்னால் ஆறு புறப்பட்டது. ஆர்மோனியம் நின்றது. அந்தோணிக்கு வசனம் மறந்துபோயிற்று. ஆனாலும் அவன் கெட்டிக்காரன்; மெல்ல எழுந்து தூரத்தைப் பார்த்தான்.

"மந்திரி! நம் நாட்டுக்கு ஆறு வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது பிரபு" என்றார் மந்திரி.

கொட்டகையில் ஒருவர்கூடக் கத்தவில்லை. தீர்ப்பு என்ன ஆயிற்று என்றும் யாரும் கேட்கவில்லை. ஆறு ஓடி முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் வண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது சைராவின் ஜட்கா வந்தது.

"நேத்து ஆபா வரல" என்றாள். "நாடகமெல்லாம் போதும்னு வீட்ல சொல்லிட்டாங்க. நான்தான் போய்க் கேட்டுட்டு வந்து சொன்னேன். அரண்மனைக்குள்ள ஆறுன்னதும் சிரிச்சாங்க. அப்புறம், சத்தம் எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டே இருந்தாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

மஹபூப் பாஷா வண்டியிலிருந்து தோலை இறக்கினான். "இதை எடுத்துட்டுப் போ. ஈர விரலால அடியில இழுத்தா போதும், அவளுக்குத் தெரியும்."

"வீட்ல இது இன்னான்னு சொல்லி வைக்கிறது, தூலாபாய்?"

அவன் தோலை மறுபடி வண்டியில் ஏற்றினான். ஜட்கா திரும்பிப் போயிற்று.

குடியாத்தத்தில் முதல் ஆட்டம் பாதியில் இருக்கும்போது நிஜ மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் கூரையடியிலிருந்து எழுந்து வெளியே ஓடி, முகத்தை மேலே தூக்கி நனைந்தார்கள். ரத்தினசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். படுதாவுக்குப் பின்னால் மஹபூப் பாஷா விரலை நனைத்துத் தோலின் அடியில் இழுத்துப் பார்த்தான். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிட்டிருந்தது, சத்தம் வரவில்லை. அங்கேயும் இப்போது பெய்யுமா என்று பக்கத்திலிருந்த அந்தோணியைக் கேட்டான். எங்கே என்று அந்தோணி திருப்பிக் கேட்கவில்லை.

"பெய்யும் பாய்" என்றான்.