வேலிக்கு வெளியே

தென்கடலை நோக்கிச் சரிந்த செம்மண் மேட்டில், செம்புச் சுரங்கத்தின் புகைபோக்கிகள் மாலை வெயிலை மறைத்து நிற்க, பணி முடித்த கார்ன்வால் நாட்டிலிருந்து வந்து குடியேறிய சுரங்கத்தார் முகங்கழுவி, நல்லுடை உடுத்து, ஊர் மன்றத்தை நோக்கித் திரள்திரளாய் நடந்தனர். முன்னர் இவ்வூர் ஆங்கிலத் திருச்சபையின் குருவாயிருந்து, பின்னர் குருவங்கியைக் களைந்து, தலைநகர்ப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியராய் உயர்ந்த ஆம்புரோசு தாக்ரா உரையாற்ற வருகிறாரென்றால், எவர்தாம் வீட்டில் அடங்கியிருப்பர்!

நெஞ்சுநோயால் நாளெண்ணிக் கிடந்த கைம்பெண் திர்சாவும் மன்றத்துத் தூணைப் பற்றி நின்றாள். பல்லாண்டுகட்கு முன், மூச்சுத் திணறிய பச்சிளங் குழவியை ஏந்தி அவள் ஓடியபோது, திருநீராட்டு என்னும் ஞானஸ்நானம் ஞாயிறன்று சபையார் முன்னிலையில்தான் நடக்குமென்று திருப்பி அனுப்பியவர் அன்று குருவாயிருந்த அவரே. சனியன்றே அது இறந்துவிட, நீராட்டுப் பெறாத உடலுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லையென்று, வேலிக்கு வெளியே ஆடு மேயும் கரட்டில் புதைக்கச் செய்தவரும் அவரே. வேலிக்கு உள்ளே துயிலும் கணவனருகில் தன்னைக் கிடத்துமுன், குழந்தையை அங்கே கொண்டுசேர்த்துவிட வேண்டுமென்பதே அவளது எஞ்சிய வேட்கை.

நீரால் ஆன்மா மீட்படையுமென்பது மாந்தர் கட்டிய கதையென்று பேராசிரியர் முழங்க, மன்றம் கைதட்டி ஆர்ப்பரித்தது. திர்சா குரலெடுத்து அழைத்தாள்.

"ஐயா, நீங்க திருப்பி அனுப்புன கொழந்தையோட அம்மா நான். அன்னைக்கு மறுத்தது தப்புன்னு புது குருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா எம்புள்ளைய வேலிக்கு உள்ள எடுத்து வைக்கிறேன்னாரு."

"ஏ கெழவி, உக்காரு! இப்பதான் அழ நேரமா?" என்று பின்னிருந்து ஒருவன் கத்தினான்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "தப்புன்னு எப்படிம்மா சொல்றது? சபை சட்டப்படிதான் செஞ்சேன்."

"அந்தச் சட்டத்த அன்னைக்கு நீங்க நம்புனீங்களா? அதையாவது சொல்லுங்க."

"இல்லம்மா. அப்பவே நம்பல."

உடனே, "என்ன ஒரு நேர்மையான மனுஷன்!" என்று எவரோ வியக்க, முன்னினும் ஓங்கிய கைதட்டல் கூரையை அதிரச் செய்தது. அந்த ஆரவாரத்தினூடே அவள் தனியே வெளியேறியதை ஒருவரும் நோக்கவில்லை.

"என்னையும் வெளியிலயே போட்டுடுங்க, புள்ளைகிட்ட" என்று அண்டை வீட்டாரிடம் மன்றாடியபடியே, குளிர்காலம் தொடங்குமுன் அவள் கண்மூடினாள். புதிய குருவோ இரக்கமுள்ளவர். முறைப்படி நீராட்டுப் பெற்ற ஒருத்தியை ஆடு மேயும் கரட்டில் இடுவது அடாதென்று, மணியடித்து, மறைமொழி ஓதி, மலர்தூவி, அவளை வேலிக்கு உள்ளேயே அடக்கம் செய்தார்.