பன்னிரண்டாவது மேசை

மாடி வீட்டுச் சின்னவள் தன் கல்யாணத்துக்குத் தானே பூ வைக்கப் போகிறாள் என்பது இந்தக் கட்டடத்தில் முதலில் தெரிந்தது எனக்குத்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மூன்று வாரமாக அவர்கள் வீட்டுக் குப்பையில் ஒரு ஜாம் பாட்டில்கூட விழவில்லை. கவனிக்கிறவர்களுக்கு அது போதாதா?

அவளுக்கு வேலை செயற்கைப் பல் செய்கிற லேபில். ஊரார் வாய்க்குள் போகிற பல்வரிசையெல்லாம் இவள் மெழுகில் செதுக்குவது. அதனால் கட்டடத்தில் அவள் பெயர் பல்லு. அவளுடைய அக்காவோ பன்னிரண்டு வருஷமாகப் பூக்கடையில் இருக்கிறவள். யார் வீட்டு விசேஷமானாலும் மேசைக்குப் பூ அலங்காரம் அவள் கைதான். அப்படி ஒருத்தி கூடப்பிறந்திருக்க, இவள் எதற்குப் பாட்டில் கழுவுகிறாள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் படிக்கட்டில் மடக்கினேன். மரக்கடையிலிருந்து வட்டவட்டமாக அறுத்த கட்டைகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னடி, கல்யாணத்துக்கு விறகா?"

"மேசைக்கு நடுவுல வைக்க, அத்தை. இது மேல மூணு பாட்டில், சணல் சுத்தி. அதுல போற போக்குல பறிச்சு வச்ச மாதிரி பூ. பன்னிரண்டு மேசைக்கும் நானே பண்ணப் போறேன்."

"அக்கா கிட்ட சொன்னா அரை நாள்ல முடிச்சிடுவாளே."

"அவ பண்ணினா கடைப் பூ மாதிரி விறைப்பா இருக்கும்" என்றாள். பிறகு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அதுவும் இல்லாம, எல்லார் கல்யாணத்துக்கும் அவ பக்கெட்டைத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியா வரா, பின்வாசல் வழியா போறா. என் கல்யாணத்துக்காவது முன்வாசல் வழியா வந்து உக்காரட்டுமே. அவ கிட்ட சொல்லிடாதீங்க. நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை. மறுநாள் பூக்கடைப் பக்கம் போக வேண்டியிருந்தது, அதாவது, போனேன். அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. முதலாவதை மட்டும்தான் சொன்னேன்.

அக்காக்காரி ரோஜாத் தண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. "விறைப்பாவா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த ரோஜாவைப் பூவுக்குக் கீழே இரண்டு விரற்கடையில் நறுக்கிவிட்டாள். அந்தப் பூவை இனி எந்த ஜாடியிலும் வைக்க முடியாது. அதற்குமேல் அங்கே நிற்பது சரியில்லை என்று எனக்கே பட்டது.

அதற்கப்புறம் அவள் அம்மா வீட்டுப் படியேறவில்லை. தங்கச்சி போன் பண்ணினால் எடுக்கவில்லை. சின்னவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள், "நீ ஒரு வேலையும் பண்ண வேண்டாம், வந்து உக்காந்தா போதும்" என்று. அதற்குப் பெரியவள், "ஆமா, மூணாம் மனுஷி மாதிரி வந்து உக்காந்துட்டு எழுந்து போறேன்னு சொல்லு" என்று பதில் அனுப்பினாள். மாடி வீட்டம்மா என் வீட்டுக்கு வந்து கண்ணைக் கசக்கினாள். என்ன காரணமோ தெரியவில்லையே என்று நானும் சேர்ந்து வருத்தப்பட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் முப்பத்தாறு பாட்டிலும் தயார். கார்னேஷன் பூ, நடுவே வெள்ளைப் பொடிப் பூ, ரயில் பாதை ஓரத்தில் பறித்த புல்கதிர். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாடி வீடு அடுப்பு மாதிரி கொதிக்கும். எங்கே வைப்பது என்று தவித்தார்கள். நானே என் பின்னறையைக் கொடுத்தேன். என் வீட்டுக்காரருக்குப் பழ மண்டி; ஆப்பிள் பெட்டி அடுக்கி, வாழைத்தார் பழுக்க வைக்கிற அறை அது. குளுகுளுவென்று இருக்கும். பூவுக்கு வேறென்ன வேண்டும்?

சாயங்காலம் பெரியவள் அம்மாவிடம் இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அம்மா வெளியே போயிருந்ததால் என்னிடம் கொடுத்தாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் நின்று பூவைப் பார்த்தாள். ஆப்பிள் பெட்டியைப் பார்த்தாள். மூக்கை ஒருமுறை இழுத்தாள்.

"அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காலையில் கதவைத் திறந்தால், கார்னேஷன் அத்தனையும் உள்பக்கமாகச் சுருண்டு, தூங்குகிற கண் மாதிரி மூடிக் கிடந்தது. வெள்ளைப் பூ காய்ந்த சோற்றுப் பருக்கை போலாகிவிட்டது. பதினொரு மணிக்கு மண்டபத்தில் ஆள் உட்கார்ந்துவிடும். சின்னவள் தலையில் ஹேர்பின்னோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யார் போன் பண்ணினார்களோ, ஏழு மணிக்குப் பெரியவள் வந்தாள். கையில் இரண்டு பக்கெட், நிறைய வெள்ளைச் சாமந்தி.

அவ்வளவு பூ முன்கூட்டியே எடுத்து வைத்தால்தான் உண்டு. சின்னவள் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும். பழுக்கற பழத்துல இருந்து ஒரு காத்து வரும், அது பட்டா பூ போயிடும். கடையில எவனாவது சாப்பாட்டுப் பையில ஒரு ஆப்பிள் கொண்டு வந்தாலே முதலாளி வெளிய நிறுத்துவாரு."

"தெரிஞ்சும் அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்க."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"இதையும் கேக்கணுமா? என் கல்யாணம்க்கா."

"உன் கல்யாணம்தான். கடைக்காரி கை படக் கூடாத கல்யாணம். விறைப்பா ஆயிடுமில்ல?"

 நான் ஓர் ஆப்பிளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

சின்னவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, அதுக்கப்புறம் நான் என்ன சொன்னேன்?"

"நீதானேம்மா சொல்லக் கூடாதுன்ன" என்றேன்.

"என்ன சொன்னா?" இது பெரியவள். அந்தக் குரலில் என்னிடம் இதுவரை யாரும் பேசியதில்லை.

சின்னவளே சொன்னாள். பக்கெட்டு, பின்வாசல், முன்வாசல், எல்லாம். பாசமாகச் சொல்லவில்லை, ஒவ்வொரு வார்த்தையையும் கல்லெடுத்து எறிகிற மாதிரி சொன்னாள். பெரியவள் இளகிவிடுவாள், கட்டிக்கொண்டு அழுவார்கள், என் பாடு தப்பிக்கும் என்று பார்த்தேன். அவளுக்கு இன்னும்தான் ஏறியது.

"இதை என்கிட்ட நேரா சொல்ல உனக்கு வாய் இல்ல. ஊருக்கெல்லாம் பல் செஞ்சு குடுக்கற."

"போன் எடுத்தியா நீ? பதினேழு தடவை."

"கடைக்கு வந்திருக்கலாமில்ல? கால் உடைஞ்சா போச்சு?"

"நீ மட்டும் படியேறி வந்து ஏண்டி அப்படிச் சொன்னன்னு கேட்டியா? எவளோ வந்து சொன்னா நம்பிடுவ."

அந்த 'எவளோ' நான்தான். அவர்களுக்கு என் பின்னறையைக் கொடுத்தவள்.

"தண்ணி பிடிச்சிட்டு வா" என்றாள் பெரியவள். "உக்காந்து அழுதா பூ நிமிராது."

அப்புறம் மூன்று மணி நேரம் நடந்ததைப் பார்க்க வேண்டும். வாய் சண்டை போட்டுக்கொண்டே இருந்தது, கை வேலை செய்துகொண்டே இருந்தது. பெரியவள் தண்டைத் தண்ணீருக்குள் வைத்துச் சாய்வாக வெட்டினாள். செத்த பூவைப் பிடுங்கிப் போட்டு, புல்கதிரை மட்டும் விட்டு, நடுவே சாமந்தியைச் செருகினாள். சின்னவள் பிடுங்கி மறுபடி செருகினாள்.

"அவ்வளவு நேரா வைக்காதே" என்றாள் சின்னவள்.

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா இது இப்படி நிக்காது."

"சரி, வை. நீயே வை."

நான் ஒரு பாட்டிலைத் தொடப் போனேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நீங்க வைக்காதீங்க" என்றார்கள். அன்று காலை இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். பதினொரு மேசைக்குத்தான் சாமந்தி காணும் போலிருந்தது. கடைசி மூன்று பாட்டிலைச் சுருண்ட பூவோடு அப்படியே பெட்டியில் வைப்பதைப் பார்த்தேன். தூக்கி எறிவதற்கு என்று நினைத்தேன்.

மண்டபத்துக்குப் பெரியவள் முன்வாசல் வழியாகத்தான் வந்தாள். கையில் பக்கெட் இல்லை. அம்மா பக்கத்தில் முதல் மேசையில் உட்கார்ந்தாள். முகம் மட்டும் இன்னும் உர்ரென்று இருந்தது. மணப்பெண்ணும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைச் சுழித்தாள். வந்தவர்கள் மேசைப் பூவைக் குனிந்து குனிந்து பார்த்து, எந்தக் கடை என்று கேட்டார்கள்.

எங்களுக்கு ஒதுக்கியிருந்தது பன்னிரண்டாவது மேசை, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில். வழவழப்பான மரக்கட்டை, மேலே மூன்று பாட்டில், சணல் முடிச்சு அச்சுப் போட்ட மாதிரி. உள்ளே கண்ணை மூடிய கார்னேஷன்.

என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பழ ரூம்ல வச்சியா? அங்க பூ வைக்கக் கூடாதே."

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா தெரியும். நீ கேக்கவே இல்லையே."

ஊர்க் கதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிற எனக்கு இந்தப் பதில்.  சுற்றுமுற்றும் பார்த்தேன். பக்கத்து மேசைக்கு இன்னும் ஆள் வரவில்லை. கட்டையோடு தூக்கி அதை அங்கே வைத்துவிட்டு, அங்கிருந்த சாமந்தியை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பெரியவள் முதல் மேசையிலிருந்து எழுந்து, மண்டபம் முழுக்க நடந்து வந்தாள். இரண்டையும் பழையபடி மாற்றினாள். மேடையிலிருந்து சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருக்கட்டும் அத்தை" என்றாள் பெரியவள், பாட்டிலை என் தட்டுக்கு நேராக நகர்த்தி. "என் தங்கச்சி மூணு வாரம் கஷ்டப்பட்டது. பார்த்துட்டே சாப்பிடுங்க."