ஏழாம் நாள் காட்சி

ஐஸ் பெட்டிக்கு ப்ளக் பாயின்ட் கிடைக்காமல் கார்குழலி வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தபோது தியேட்டர் மேனேஜர் போன் செய்தார். கூடத்தில் இருந்தது சின்ன ப்ளக். பெட்டியின் தடித்த பின் நுழைகிற ஒரே இடம், அப்பா படம் எடிட் செய்த கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் இருந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு குனிந்தாள். கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெட்டியின் ஒயரைச் செருகினாள். பெட்டி உறும ஆரம்பித்தது. உள்ளே அவள் அப்பா தெய்வசிகாமணி, தாடையைக் கட்டிய துணியோடு, யாரிடமோ கோபித்துக்கொண்டவர் மாதிரி படுத்திருந்தார்.

"அப்பா போன் எடுக்கலம்மா. பன்னெண்டு மணி ஷோவுக்கு மூணே டிக்கெட்தான் புக் ஆயிருக்கு. நிறுத்திடலாமா?"

விடிகாலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனதையும் அவள் சொன்னாள். அடக் கடவுளே என்றார் மேனேஜர். நேற்று ராத்திரிகூடப் பேசினாரே என்றார். நிஜமாகவே அவர் குரல் உடைந்தது. தயங்கித் தயங்கி, அப்போ ஷோவை நிறுத்திவிடட்டுமா என்று மறுபடியும் கேட்டார். அவரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. பத்துப் பேராவது இல்லாமல் ஏசி போட முதலாளி விடமாட்டார். பதினொன்றரை வரைக்கும் பொறுங்க சார் என்று மட்டும் கார்குழலி சொன்னாள்.

இன்றைக்கு நிறுத்தினால் படத்தின் கதை முடிந்தது. படத்தின் பெயர் 'ரெண்டாவது குழாய்'. எடுத்த கம்பெனி 'குழலி பிக்சர்ஸ்'. கம்பெனி என்றால் மொத்தமே மூன்று பேர்: கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த தெய்வசிகாமணி, அவர் மகள், கேமரா பிடித்த செம்மல். ஒரே ஒரு தெருக்குழாய்க்காக ஆயுசு முழுக்க அடித்துக்கொள்ளும் இரண்டு பொம்பளைகளின் கதை. முத்தியால்பேட்டையில் அவர்கள் தெருவிலேயே எடுத்தார்கள். நடித்ததும் தெருக்காரர்கள்தான். சென்னைக்குக் கொண்டுபோனபோது, விநியோகஸ்தர்கள் டிரெய்லரைப் பார்க்கும் முன்பே ஹீரோ யார் என்று கேட்டார்கள். குழாய்தான் சார் ஹீரோ என்று தெய்வசிகாமணி சொன்னதை ஒருத்தரும் ரசிக்கவில்லை. கடைசியில் அவரே தியேட்டர் தியேட்டராக ஏறி இறங்கி, சொந்த ஊரில் ஒரே ஒரு திரையில் ஒரே ஒரு பகல் காட்சி வாங்கினார். ஓடிடி கம்பெனி ஒன்று ஒரு வார்த்தை கொடுத்திருந்தது. தியேட்டரில் ஒருநாளும் விடாமல் ஒரு வாரம் ஓடட்டும், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். வியாழக்கிழமையான இன்றைக்கு ஏழாவது நாள். நாளைக்குப் பெரிய நடிகர் படம் வருகிறது, இதைத் தூக்கிக் கடாசிவிடுவார்கள்.

அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதற்கு அப்பாவும் மகளும் பட்ட பாடு கொஞ்சமில்லை. தையல் வகுப்புப் பெண்களைக் கூட்டிப்போனார்கள். டைப்ரைட்டிங் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். ஒருநாள் வைத்திக்குப்பத்தில் மீன் விற்று முடித்த பெண்களிடம், வெயிலுக்கு ஏசியில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று தெய்வசிகாமணி சொன்னார். அவர்கள் கூடையோடு வந்தார்கள், படம் முடிகிறவரை சிரித்தார்கள். சொந்தக்காரர்கள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருத்தருக்கு ஜுரம், ஒருத்தருக்கு மாமியாருக்கு ஜுரம். போன்ல வரட்டும், பாத்துக்கறோம் என்றார்கள். அத்தனை பேர் வீட்டுக் காதுகுத்தும் வளைகாப்பும் ஓசியில் படம் பிடித்துக் கொடுத்தவர் அவர்.

அந்தச் சொந்தபந்தம் முழுக்க இப்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அரியாங்குப்பத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். அப்பாவின் அண்ணன் முருகையன் காலையிலேயே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார். பேனரில் செத்துப்போன தம்பி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவில் இருந்தார், கைகூப்பிய அண்ணன் ஆள் உயரத்துக்கு இருந்தார். தம்பி படத்தின் போஸ்டரைத் தன் காம்பவுண்டுச் சுவரில் ஒட்ட விடாதவர் இந்த மனுஷன். புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதாம். இந்தக் கூட்டத்தில் கால்வாசி ஒருநாள், ஒரே ஒருநாள் வந்திருந்தால் அப்பா நிம்மதியாகத் தூங்கியிருப்பாரே என்று நினைக்க நினைக்கக் கார்குழலிக்கு வயிறு எரிந்தது.

எரிந்துகொண்டே அவர்களிடம்தான் போய்க் கேட்கவும் வேண்டியிருந்தது. பெரியப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள். வேனில் வந்தவர்களில் பத்துப் பேர் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும், எடுப்பதை மட்டும் ராகு காலம் கழித்து மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினாள். முருகையன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எழவு வூட்லேர்ந்து சினிமாவுக்குப் போனான்னு ஊரு காறித் துப்பும். ராகு காலத்துக்கு முன்னாடி எடுத்தாகணும். நேரங்காலத்த உன் படத்துக்காக மாத்த முடியுமா? உங்கப்பனுக்குத்தான் புத்தி இல்ல, உனக்குமா?"

அவர் சொன்னது நாலு பேர் காதில் விழுந்தது. நாலு பேரும் தலையாட்டினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து போய்ப் பார்த்துவிடலாம் என்று ஓர் அத்தை அவள் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னாள். பதினாறாம் நாள் அந்தப் படம் எந்தத் தியேட்டரில் ஓடும் அத்தை என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அடுப்படியில் செம்மல் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். அழுதழுது அவன் முகம் வீங்கியிருந்தது. அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"ஒரே வழிதான் இருக்குது குழலி. நம்ம படத்தோட பேஜு உன் கையிலதான இருக்கு."

அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. காலையிலிருந்து அவளும் அதையே நினைத்துக்கொண்டும், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டும் இருந்தாள். படத்துக்கு விளம்பரம் செய்யும் வேலை முழுக்க அவளுடையது. எந்தப் பதிவு ஓடும், எது ஓடாது என்று அவளுக்குத் தெரியும். டைரக்டர் செத்துப்போனார் என்று போட்டால் ஓடும். காட்டுத்தீயாக ஓடும்.

படம் வந்த மூன்றாம் நாள் யூடியூப்காரர்கள் மைக்கோடு தியேட்டர் வாசலுக்கு வந்திருந்தார்கள். சின்னப் படம் எடுத்தவர்கள் தியேட்டர் வாசலில் நின்று அழுது, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூட்டம் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. ரெண்டு நிமிஷம் கண் கலங்கினால் போதும் அண்ணே, நாளைக்கு ஹவுஸ்ஃபுல் என்று செம்மல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். தெய்வசிகாமணி மைக்கை வாங்கி, படத்தில் ரெண்டாவது பாதி சவுண்டு சுமார்தான், அடுத்த படத்தில் சரி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அதை யார் போடுவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் சொன்னார்.

"என்னப் பாத்துப் பாவப்பட்டு எவனும் டிக்கெட் எடுக்கக் கூடாதும்மா. படத்தப் பாக்க வரட்டும். புடிக்கலன்னா திட்டிட்டுப் போவட்டும்."

கார்குழலி சிலிண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போனில் அப்பாவின் போட்டோவைத் தேடினாள். பசை வாளியும் கையுமாக, போஸ்டர் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கி அவர் நிற்கிற படம் ஒன்று இருந்தது. அது நன்றாக ஓடும் என்று மனசு கணக்குப் போட்டது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது. ஆனாலும் விரல் நிற்கவில்லை. 'ரெண்டாவது குழாய் படத்தை இயக்கிய என் அப்பா இன்று விடிகாலை இறந்துவிட்டார். அவர் படத்துக்கு இன்று கடைசி நாள். பத்துப் பேர் வந்தால்தான் பகல் காட்சியைப் போடுவார்கள்.' எழுதியதை ரெண்டு தரம் அழித்தாள். மூன்றாம் தரம் அழிக்கவில்லை. மன்னிச்சுக்கப்பா என்று முணுமுணுத்துவிட்டு அழுத்தினாள்.

அதற்கப்புறம் அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. யார் யாரோ அதை எடுத்துப் போட்டார்கள். முகம் தெரியாதவர்கள் அழுதார்கள், சினிமா உலகம் எவ்வளவு கொடூரமானது என்று எழுதினார்கள். டிக்கெட் புக் செய்கிற பக்கத்தில் பச்சையாக இருந்த சீட்டெல்லாம் சாம்பல் நிறமாக மாறிக்கொண்டே வந்தன. மேனேஜர் கூப்பிட்டு, பெரிய ஸ்கிரீனுக்கே மாற்றிவிட்டதாகவும், மைக்கோடு ஏழெட்டுப் பேர் வந்து நிற்பதாகவும் சொன்னார். ஓடிடி கம்பெனிக்காரர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துவிட்டு, கையோடு, அந்தப் பசை வாளி போட்டோ பெரிய சைசில் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். சவுண்டைப் பார்த்துக்கொள்வதற்காகச் செம்மல் தியேட்டருக்கு ஓடினான். கார்குழலிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு அப்பா முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் அடுப்படியிலேயே இருந்தாள்.

வாசலில் என்னவோ சலசலப்பு கேட்டது. பெரியப்பா மகன் ராஜ்கமல் போனைத் தூக்கிக் காட்டி, சித்தப்பா நியூஸ்ல வந்துட்டாரு என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆளாளுக்குத் தங்கள் போனை எடுத்தார்கள். முருகையன் மகன் போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ரெண்டு தரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு வந்தார். அவ்வளவு பேர் வந்திருக்கும்போது குடும்பத்தில் ஒருத்தராவது போய் நிற்காவிட்டால் நன்றாக இருக்காது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஒரு எட்டுப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவாராம். அவர் பின்னால் ராஜ்கமல் போனான். ராஜ்கமல் பின்னால் இளவட்டங்கள் போனார்கள். பதினாறாம் நாள் போகலாம் என்ற அத்தையும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வேனில் ஏறினாள்.

தெரு விளக்குமாறு போட்டுப் பெருக்கின மாதிரி ஆகிவிட்டது. கிழடுகள் நாலைந்து பேரும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்த பெண்களும்தான் மிச்சம். சங்கு ஊதுகிறவர் வந்து, நேரம் ஆகிறது, குளிப்பாட்டிவிடலாம் என்றார். பக்கத்து வீட்டு ஆண்கள் கை கொடுத்தார்கள். குளிப்பாட்டி, புது வேட்டி சுற்றி, நெற்றியில் காசு வைத்து, வாசலில் பாடையில் கிடத்தினார்கள். வாய்க்கரிசியும் போட்டாகிவிட்டது. கொள்ளிச்சட்டி யார் எடுக்கிறார்கள் என்று சங்கு ஊதுகிறவர் கேட்டார். தெய்வசிகாமணிக்கு ஆண் பிள்ளை இல்லை. அண்ணன் மகன் ராஜ்கமல்தான் எடுப்பதாகப் பேச்சு. கார்குழலி அவனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். பெரியப்பாவுக்குப் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் எங்கே என்று போனிலேயே தெரிந்தது. யாரோ தியேட்டர் வாசலிலிருந்து நேரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். படப் போஸ்டருக்கு முன்னால் முருகையன் நின்றார். சுற்றிலும் மைக். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதார்.

"எந்தம்பி இந்தப் படத்துக்காகவே உசுர வுட்டாங்க. மொத நாள்லேர்ந்து அவன் கூடவே நின்னது நான் ஒருத்தன்தான். என்னப் பாத்தாவது வாங்க. எங்க குடும்பத்தப் பாத்தாவது வாங்க."

அழுகை நிஜம்போலவே இருந்தது. நிஜமாகவும் இருக்கலாம், கூடப் பிறந்தவர்தானே. பக்கத்தில் ராஜ்கமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மைக் பிடித்தவர்கள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள், முருகையன் இன்னொரு தரம் சொன்னார். பிறகு ரெண்டு பேரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். வேனில் போன அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள். கதவை மூடினார்கள்.

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். ராகு காலம் பிறந்துவிட்டது, இனி மூன்று மணிக்கு மேல்தான் என்று ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார். அம்மா அஞ்சலாட்சி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் சத்தம் போட்டு அழவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"எங்கடி உங்க பெரியப்பாவும் அவர் புள்ளையும்?"

"தியேட்டர்லம்மா."

"கூட்டமா?"

"ஃபுல்லும்மா. நிக்கறதுக்குக்கூட எடம் இல்லியாம்."

வெயில் பாடைமேல் ஏறியது. ஈ வர ஆரம்பித்தது. கூடத்து மூலையில் கொடுக்காமல் மிஞ்சிய நோட்டீஸ் கட்டு கிடந்தது. கார்குழலி அதிலிருந்து நாலைந்தை உருவி மடித்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா அப்பாவின் முகத்துக்கு நேராக விசிறினாள்.

இந்நேரம் படத்தில் குடத்தைத் தூக்கி நடுத்தெருவில் அடிக்கிற கட்டம் வந்திருக்கும். ஆறு நாளும் எல்லோரும் சிரித்த இடம். சங்கு ஊதுகிறவர் மறுபடியும் வந்து, இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும் என்று மெதுவாகக் கேட்டார்.

"படம் விட்டதும் வந்துடுவாங்க" என்றாள் கார்குழலி.