மூடி வைத்த கிளாஸ்

அந்தக் கிளாஸை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்கள் வந்து கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

எண்பத்தொன்றாம் ஆண்டு, சித்திரை வெயில். என் மகள் றாஹிலாவுக்குக் கலியாணமாகி எட்டு மாதம். மருமகன் மசூர் எங்கள் ஊர் வழக்கப்படி கல்முனைக்குடியில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். ஒரே வீடுதான். ஆனாலும் மாமி மருமகனுக்கு முகம் காட்டுவதில்லை. நான் சமைக்கிற குசினி வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கும். சோற்றை வைத்துவிட்டு நான் உள்ளே வந்த பிறகுதான் அவர் சாப்பிட வருவார். ஏதும் சொல்வதென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வேன். எட்டு மாதத்தில் அவருடைய இருமலைத்தான் நான் நன்றாக அறிந்திருந்தேன்.

அவர்மேல் எனக்கு ஒரு கடுப்பும் இருந்தது. றாஹிலா தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகுமுன் தோடம்பழம் பிழிந்து, ஒரு கிளாஸ் சாற்றை அவர்களுடைய அறை மேசையில் பீரிசுத் தட்டால் மூடி வைப்பாள். "இதில ஒருத்தரும் கை வெக்கப்படாது உம்மா" என்று எனக்குக் கட்டளை வேறு. அவரோ பல நாள் அதைத் தொடவும் மாட்டார். பின்நேரம் அவள் கொட்டிவிட்டுக் கழுவி வைப்பாள். பழத்தைப் பிழிந்து மண்ணில் ஊற்றுகிற வீட்டை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? துணிக்கடையில் சீலை மடிக்கிற ஆம்பிளைக்கு இந்த ராச உபசாரம் எதற்கு என்று எனக்கு வயிறு எரியும்.

அன்றைக்குப் பகல் என் தம்பி முத்தலிப் இறக்காமத்து வயலிலிருந்து வந்தான். வெயிலில் முகம் கறுத்து, நாக்கு வறண்டு வந்திருந்தான். வீட்டில் பிழிந்து கொடுக்க ஒரு தேசிக்காய்கூட இல்லை. என் கூடப்பிறந்தவனுக்குப் பச்சைத் தண்ணீரையா கொடுப்பது? அறைக்குள் போய் அந்தக் கிளாஸை எடுத்து வந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தான். கிளாஸைக் கழுவி, அதே மேசையில் கவிழ்த்து வைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிக் கவிழ்த்தது எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது. முத்தலிப் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் படுத்துவிட்டான்.

ஒன்றரைக்குச் சாப்பிட வருகிற மருமகன் அன்று மூன்று மணிக்குத்தான் வந்தார். கடைக்குச் சரக்கு லொறி வந்திருந்ததாம், மூட்டை இறக்கியிருக்கிறார். செருப்பை இழுத்து இழுத்து அறைக்குள் போவது கேட்டது.

"மாமி, அது எங்க?"

எட்டு மாதத்தில் என்னை நேரே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாக்குத் தடித்த குரல்.

"சோறு போடுறன். கொஞ்சம் பொறுக்கச் செல்லுங்க" என்று சுவரிடமே சொல்லி அனுப்பினேன்.

திரைச்சீலை கம்பியோடு அறுந்து விழுந்தது. என் முன்னால் நின்றார். முகமெல்லாம் வியர்வை, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் ஆள் அங்கே இல்லை. தள்ளாடி வந்து என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் சுவர்த்தட்டில் இருந்த டின்களை இழுத்து விழுத்தினார். மிளகாய்த்தூளும் மாவும் தரையில் கொட்டின. குடித்துவிட்டு வந்து என்மேல் கை வைக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஊர் கேட்கக் கத்தினேன்.

முத்தலிப் ஓடிவந்து அவரைப் பிடரியில் பிடித்து இழுத்துப்போய்ப் பின்வளவில் தள்ளிக் கதவைத் தாழிட்டான்.

"வெறியில வந்திரிக்கான் ராத்தா. நம்மட குடி மரைக்காரைக் கூட்டிட்டு வாறன். இண்டைக்கே இந்தக் கலியாணத்த முடிச்சிருவம்."

"ஓம், கூட்டிட்டு வா" என்றேன். பள்ளிவாசலில் எங்கள் குடிக்குப் பெரியவர் மரைக்கார். அவர் வந்து ஒரு சொல் சொன்னால் என் மகள் வாழாவெட்டி. அது தெரிந்தும் சொன்னேன்.

அவன் போன பிறகு யன்னலால் பார்த்தேன். குடிகாரன் என்றால் ஏசுவான், கத்துவான். இவர் கிணற்றடியில் ஒருக்களித்துக் கிடந்து விரலால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என் குசினியிலும் சாராய வாடை இருக்கவில்லை. இது வெறியல்ல என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

பள்ளிக்கூடம் விட்டுப் பின்வளவுப் படலையைத் திறந்து வந்த றாஹிலா அவரைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை.

"உம்மா, மேசையில வெச்ச கிளாஸ் எங்க?"

"முத்தலிப் மாமாக்குக் குடுத்திட்டன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மௌத்தாகும் வரைக்கும் மறக்கமாட்டேன்.

"சீனிய எடுங்க. கெதியா."

டின்னோடு கொண்டு வந்தேன். விரலால் சீனியை அள்ளி அவர் கன்னத்துக்குள் வைத்துத் தேய்த்தாள். அவர் விழுங்கத் தொடங்கிய பிறகு சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். அவர் தலையை நான்தான் மடியில் தாங்கினேன். நெற்றி சில்லிட்டிருந்தது.

பருக்கிக்கொண்டே சொன்னாள். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு நோய். தினமும் காலையில் ஊசி போடுகிறார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால், பாரம் தூக்கினால், உடம்பில் சீனி மளமளவென இறங்கிவிடும். முதலில் புத்தி தடுமாறும். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். அந்தச் சாறு அதற்குத்தான்.

"எனக்கிட்ட ஏன்கா செல்லல்ல?"

"செல்லியிருந்தா இந்த மனிசன வெச்சிருப்பீங்களா? ஊரெல்லாம் கதைச்சித் திரிஞ்சிருப்பீங்க. ஒங்கட வாய்க்குப் பயந்துதான் உம்மா."

அவள் சொன்னது சரி.

கால் மணித்தியாலத்தில் அவர் கண் விழித்தார். என் முகத்தைக் கண்டதும் கூச்சத்தில் எழும்பப் பார்த்தார். "மாமி, நீங்க ஏன் வெளிய..." என்றார். நடந்தது ஒன்றும் அவருக்கு நினைவில்லை.

முத்தலிப் இரண்டு மரைக்கார்களோடு வந்தான். நான் எழுந்து ஒளியவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, "அவர் குடிக்கல்ல. சீனி வருத்தம். அவருக்கு வெச்ச சாற நான்தான் எடுத்து முத்தலிபுக்குக் குடுத்திட்டன்" என்றேன்.

மூத்தவர் என் கையிலிருந்த டின்னைப் பார்த்தார். "சீனி வருத்தக்காரனுக்குச் சீனியா கரைச்சுக் குடுக்கிற? நல்ல கதை சுல்பிகா. மருமகன்ட வெறிய மறைக்கப் பாக்கிறாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நாங்கள் முறையிடாததால் கலியாணம் முறியவில்லை. ஆனால் மாலை மஃரிப் தொழுகை முடிவதற்குள் சுல்பிகாவின் மருமகன் குடித்துவிட்டு மாமியை அடித்தானாம் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கத்தியது நான்தானே. யாரைக் குற்றம் சொல்ல?

இப்போது சாறு பிழிவது நான். திரைச்சீலையை நான் திரும்பக் கட்டவில்லை. "மருமகன், சாறு வெச்சிரிக்கன்" என்று அவரிடமே சொல்வேன். "ஓம் மாமி" என்பார். மரியாதைக்குக் குறைவில்லை.

போன கிழமை கிணற்றடியில் துவைக்கப் போட்ட உடுப்பில் எறும்பு மொய்த்திருந்தது. அவருடைய பழைய சட்டை. கடைக்குப் போடுவதல்ல, வீட்டுக்குள் மட்டும் போடுவது. பைக்குள் மூக்குத் துடைக்கிற லேஞ்சி ஒன்று. அதன் முனையில் சீனி முடிச்சாகக் கட்டியிருந்தது.

"அண்டைக்கு நடந்ததிலிருந்து எப்பவும் வெச்சிரிக்கார் உம்மா" என்றாள் றாஹிலா. "கிணத்தடிக்கு வாறதெண்டாலும்."

உள்ளே மேசையில் நான் பிழிந்து வைத்த கிளாஸ் மூடியபடி இருந்தது. எறும்பை உதறி, லேஞ்சியைக் கழுவிக் காயப்போட்டேன். காய்ந்த பிறகு இரண்டு கரண்டி புதுச் சீனியை அதே முனையில் இறுக்கி முடிந்து, அவர் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன்.